எங்க வளவுதாம்ல ஒசத்தி!

ஏல பேராண்டி, அந்தப் பேப்பரை மடிச்சு வச்சுட்டு இங்கன வா. ‘விண்வெளியில் விசித்திரக் கிரகக் குடும்பம், விஞ்ஞானிகள் வியப்பு’ன்னு கொட்ட எழுத்துல போட்டாலும் போட்டான், விடிஞ்சதுலருந்து நீயும் வியந்துக்கிட்டே திரியுத. விஞ்ஞானி வியந்தா அவருக்கு மாசம் பொறந்தா சம்பளம் வரும். ஒனக்கு என்னல வரும்? வாங்கி வச்ச காப்பி ஆறிப்போனதுதான் மிச்சம்.

எனக்கு என்ன தெரியும், நான் எட்டாங் கிளாசோட பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். பஞ்சாயத்து லைப்ரரியில ஃபேன் ஓடுதேன்னு மத்தியானம் போய் உக்காருதவன். சும்மா உக்காந்தா அந்தம்மா எழுப்பி விட்டுருமேன்னு கையில ஒரு புஸ்தகம் வச்சுக்கிடுவேன். வான சாஸ்திரம்னா வேற ஒருத்தனும் கேட்டு வர மாட்டான், நிம்மதி. அப்படி ஒட்டுனதுதான் இந்த அறிவு. அத வச்சு ஒனக்கு ஒரு புத்தி சொல்லுதேன். ஒண்ண விசித்திரம்னு சொல்லுததுக்கு முன்ன, நீ எந்தத் திண்ணையில உக்காந்துக்கிட்டுச் சொல்லுதன்னு ஒரு மட்டம் குனிஞ்சு பாத்துக்கோ.

நம்ம வளவ எடுத்துக்கோ. நடுவுல சூரியன். புதன், வெள்ளி, பூமி, செவ்வாய்னு சின்ன வீடு நாலு முன்கட்டுல. வியாழன், சனி, யுரேனஸ், நெப்டியூன்னு பெரிய வீடு நாலு பின்கட்டுல. எல்லாம் ஒரே தெசையில, ஏறக்குறைய வட்டமா, ஒண்ணு கால ஒண்ணு மிதிக்காம சுத்தி வருது. மரியாதப்பட்ட குடும்பம், இல்லங்கல. ஆனா படிச்சவன் என்ன செஞ்சான் தெரியுமா? இந்த ஒத்த வளவப் பாத்துட்டு ஒலகத்துக்கே சட்டம் எழுதுனான். 18-ம் நூற்றாண்டுல ஜெர்மனியில டிட்டியசுன்னு ஒருத்தரு, போடேன்னு ஒருத்தரு, எந்தக் கிரகம் எத்தன தூரத்துல இருக்கணும்னு வாய்ப்பாடே போட்டுட்டாங்க. 1781-ல யுரேனஸ் ஆப்புட்டப்ப வாய்ப்பாடு சொன்ன எடத்துக்குப் பக்கத்துலயே இருந்துச்சு. ஒரே கொண்டாட்டம். 1846-ல நெப்டியூன் ஆப்புட்டுது. அது வாய்ப்பாடு படிக்காத கிரகம் போல, வேற எடத்துல உக்காந்திருந்துச்சு.

அப்பமாவது அடங்குனாங்களா? வாய்ப்பாடு போனா என்ன, அடுத்த சட்டம் வந்துச்சு. சூரியனுக்குக் கிட்டத்துல வெக்கை, அங்கன பனிக்கட்டி நிக்காது, வாயுவும் சேராது. அதனால வியாழன் மாதிரி பெரிய கிரகம் தூரத்துல குளிருக்குள்ளதான் பொறக்கும்னு சொன்னாங்க. இதத் தப்புன்னு நான் சொல்ல மாட்டேன். பொறக்கறது அங்கனதான். பொறந்த எடத்துலயே கெடப்பேன்னு எந்தக் கிரகம்ல பத்திரத்துல கையெழுத்துப் போட்டுக் குடுத்துச்சு?

அந்தச் சட்டத்த நம்பித்தான் தேட ஆரம்பிச்சாங்க. தேடுத விதம் எப்படின்னா, கிரகத்துக்குச் சொந்த வெளிச்சம் கெடையாது, நட்சத்திரத்துக்குப் பக்கத்துல அதக் கண்டுபிடிக்கறது பெரும்பாடு. அதனால கிரகத்தப் பாக்காம நட்சத்திரத்தப் பாக்காங்க. நட்சத்திரம் கிரகத்த இழுக்கும், கிரகமும் நட்சத்திரத்தத் தன்னால முடிஞ்ச மட்டும் இழுக்கும். அந்த இழுப்புல நட்சத்திரம் நம்மப் பாத்துக் கொஞ்சம் வரும், பொறவு அந்தாண்ட போவும். வரும்போது அதோட வெளிச்சம் நீலப் பக்கமா நகரும், போவும்போது செவப்புப் பக்கமா நகரும். எத்தன நாளைக்கு ஒருக்க இப்படி ஆடுதுன்னு பாத்தா அதுதான் அந்தக் கிரகத்தோட வருசம். நம்ம வியாழன் இருக்கே, அம்மாம் பெரிய உருப்படி, அது சூரியன ஆட்டுத வேகம் செக்கண்டுக்கு 12.5 மீட்டர். பூமி ஆட்டுதது 9 சென்டிமீட்டர். இத நூறு ஒளியாண்டுக்கு அந்தாண்டருந்து அளக்கணும். அளக்கதுக்குப் பொறுமை வேணும்ல, ஒன்னய மாதிரி ரெண்டு நிமிசத்துல சலிச்சுப் போறவனுக்கு ஆவாது.

கனடாக்காரங்க, ப்ரூஸ் கேம்பெல்லும் கார்டன் வாக்கரும், 21 நட்சத்திரத்த 12 வருசம் விடாம பாத்தாங்க. ஏன் 12 வருசம்? வியாழன் சூரியனச் சுத்த 12 வருசம் ஆவுதுல்லா. பக்கத்து ஊரு வியாழனும் அப்படித்தான சுத்தும்னு ஒரு நெனப்பு. 1995-ல கணக்க முடிச்சு, பெருசா ஒண்ணும் ஆப்புடலன்னு எழுதி வச்சாங்க. பாவம், நல்ல மனுசங்க.

இதுல வேடிக்க என்னன்னா, ஓட்டோ ஸ்ட்ரூவேன்னு ஒருத்தரு 1952-லயே சின்னதா ஒரு கட்டுரை எழுதி வச்சிருந்தாரு. பெரிய கிரகம் நட்சத்திரத்த ஒட்டி, ஒரே நாள்ல சுத்தி வரக்கூடாதுன்னு யாரு சொன்னா, அப்படி இருந்தா இப்ப இருக்குத கருவியாலயே கண்டுபிடிச்சுரலாமேன்னு கேட்டிருந்தாரு. பெரியவரு ஏதோ சொல்லுதாருன்னு ஒருத்தரும் காதுல வாங்கல. 43 வருசம்! நான் சொல்லுதத நீ ஒரு வாரமா கேக்காததுக்கு நான் வருத்தப்படவே கூடாது.

1995-ல ஜெனீவாக்காரங்க, மிஷேல் மேயரும் அவருகிட்டப் படிச்ச டிடியே கெலோவும், ஃபிரான்சு தேசத்துல ஓத் ப்ரோவான்சுங்குத பகுதி வானாய்வகத்துல ஒரு நட்சத்திரத்தப் பாத்துக்கிட்டிருந்தாங்க. பேரு 51 பெகாசி. 50 ஒளியாண்டு தூரம், நம்ம சூரியன் மாதிரியே இருக்கும். அது ஆடுது. செக்கண்டுக்கு 50 மீட்டருக்கு மேல. எத்தன நாளைக்கு ஒருக்க? 4.2 நாளு! வியாழன்ல பாதி எடை உள்ள கிரகம், 4 நாள்ல ஒரு வருசத்த முடிக்குது. நம்ம புதனுக்கே 88 நாளு வேணும். பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரத்துல இருவதுல ஒரு பங்குல, ஆயிரம் டிகிரி வெக்கையில ஒருத்தன் குடியிருக்கான். கெலோ அப்பம் படிக்குத பையன். மொதல்ல கருவிதான் கோளாறுன்னு பயந்துட்டான். ரெண்டு பேரும் ஒரு சீசன் பொறுத்து, நட்சத்திரம் மறுபடி தெரியுத வரைக்கும் காத்துக் கெடந்து, இன்ன நாள்ல இப்படித்தான் ஆடும்னு முன்னாலயே கணக்கு எழுதி வச்சு, அதே மாதிரி ஆடுதான்னு சரிபாத்த பொறவுதான் வெளிய சொன்னாங்க. 2019-ல நோபல் பரிசு தேடி வந்துச்சு. கவனிச்சியா, மொதல்ல சந்தேகப்பட்டது தன்னோட சொந்தக் கணக்க. நீ பரீட்சைல மார்க்கு கொறஞ்சா வாத்தியாரத்தான சந்தேகப்படுவ?

இன்னும் கேளு. கலிபோர்னியாவுல ஜெஃப் மார்சி, பால் பட்லர்னு ரெண்டு பேரு வருசக்கணக்கா இதே வேலையச் செஞ்சு, அளந்தத எல்லாம் கம்ப்யூட்டர்ல போட்டு வச்சிருந்தாங்க. வியாழன் சுத்தி வர வருசம் பன்னெண்டு ஆவுமே, என்ன அவசரம்னு கணக்குப் பாக்கல. ஜெனீவாச் சேதி வந்ததும் ஓடிப் போய் 51 பெகாசியப் பாத்தா, ஆமா, ஆடுது. சொந்தப் பெட்டியத் தொறந்தா உள்ளயே இன்னும் ரெண்டு கிரகம் கெடக்கு. நெல்லு வீட்டுக்குள்ள இருக்க, ஊரெல்லாம் அரிசி கடன் கேட்ட கதை.

பொறவு எல்லாரும் கூடி ஒக்காந்து யோசிச்சு, கிரகம் பொறந்த எடத்துலருந்து எடம் பெயரும்னு ஒத்துக்கிட்டாங்க. பொறக்குத காலத்துல சுத்தி நெறஞ்சு கெடக்குத வாயுவும் தூசும் அத உள்ளாற தள்ளிரும். இல்லன்னா பெரிய கிரகம் ஒண்ண ஒண்ணு இடிச்சுத் தள்ளி, ஒண்ணு உள்ள வந்து விழுவும், ஒண்ணு ஊரவிட்டே போயிரும். நம்ம வளவுலயும் ஆதியில வியாழனும் சனியும் கொஞ்சம் நகந்துதான் இப்ப இருக்குத எடத்துக்கு வந்திருக்குன்னு இப்ப சொல்லுதாங்க. பாத்துக்கோ, ஒசந்த குடும்பத்துக்குள்ளயும் பழைய தகராறு உண்டு. வெளிய சொல்லுதது இல்ல, அவ்வளவுதான்.

ஆனா மொத மொதல்ல நிச்சயமா ஆப்புட்ட வெளிக்கிரகம், அதாவது நம்ம வளவுக்கு வெளிய உள்ள கிரகம், 51 பெகாசிக்காரன் இல்ல. அது செத்த நட்சத்திரத்தோட சங்கதி, அதத்தான் நான் ஆற அமரச் சொல்லணும்னு நெனச்சேன். போர்ட்டோ ரிக்கோ தீவுல அரெசிபோன்னு 305 மீட்டர் அகலத்துல ஒரு ரேடியோ தொலைநோக்கி இருந்துச்சு. 1990-ல அதுல விரிசல் கண்டு, ரிப்பேருக்கு விட்டாங்க. ரிப்பேர் நடக்கும்போது நெனச்ச பக்கம் திருப்ப முடியாது; தலைக்கு மேல எது நகந்து போவுதோ அதத்தான் பாக்கலாம். கெட்டிக்காரங்க எல்லாம் இது ஆவாதுன்னு ஒதுங்கிட்டாங்க. போலந்துக்காரரு அலெக்சாண்டர் வோல்ஷான் மட்டும், எனக்குத் தாங்க, நான் பாக்கேன்னு வாங்கிக்கிட்டாரு. ஓட்டை உடைசல்னு யாரும் சீந்தாதத எடுத்து வச்சுக்கிடுதவன் நம்ம சாதி மனுசன்ல.

அதுல ஒரு பல்சர் கெடச்சுது. பெரிய நட்சத்திரம் வெடிச்சுச் செத்த பொறவு மிஞ்சுத உருண்டைதான் பல்சர். ஒரு டவுன் அகலம்தான் இருக்கும், எடை மட்டும் சூரியன விட அதிகம். இது செக்கண்டுக்கு 161 தடவ சுத்துது, ஒவ்வொரு சுத்துக்கும் ஒரு ரேடியோ துடிப்பு அனுப்புது. அம்புட்டு ஒழுங்கா வார துடிப்பு, சில சமயம் கொஞ்சம் முந்தி வருது, சில சமயம் கொஞ்சம் பிந்தி வருது. டேல் ஃப்ரெயில்னு இன்னொருத்தரு அது இருக்குத எடத்தத் துல்லியமா அளந்து குடுக்க, வோல்ஷான் கணக்குப் போட்டாரு. 66 நாளுக்கு ஒண்ணு, 98 நாளுக்கு ஒண்ணுன்னு ரெண்டு கிரகம் அதச் சுத்துது. பொறவு 25 நாள்ல சுத்துத பொடிசு ஒண்ணும் ஆப்புட்டுது. செத்த வீட்டுல பிள்ளைகள் குடித்தனம் நடத்துதுன்னு சொன்னா யாரு நம்புவா? நட்சத்திரம் வெடிச்சா சுத்தி இருந்ததெல்லாம் போயிருக்கணும். வெடிச்ச பொறவு மிஞ்சுன சாம்பல் தூசியிலருந்து மறுபடி பொறந்திருக்கணும்னு இப்ப நெனைக்காங்க.

அந்தச் சேதிய அவரு 1992 ஜனவரியில அமெரிக்காவுல அட்லாண்டா நகரத்து வானியல் கூட்டத்துல சொன்னாரு. அவருக்கு முந்திப் பேசுனது ஆண்ட்ரூ லைன், இங்கிலாந்துக்காரரு. இந்த மனுசனுக்காவத்தான் கதையே சொல்லுதேன். ஆறு மாசம் முன்ன லைன் தன்னோட கூட்டாளிகளோட சேந்து, வேற ஒரு பல்சரச் சுத்தி ஒரு கிரகம் இருக்குன்னு பெரிய பத்திரிகையில எழுதி, ஒலகமே கையெடுத்துக் கும்பிட்டுது. அந்தக் கிரகத்தோட வருசம் ஆறு மாசம். பூமியோட வருசத்துல சரிபாதின்னதும் சில பேருக்கு மூக்கு வேர்த்துச்சு. லைனே மறுபடி கணக்கப் பிரிச்சுப் பாத்தாரு. பூமி சூரியனச் சுத்துத பாதை சரி வட்டம் இல்ல, கொஞ்சம் நீள்வட்டம். அதுக்குள்ள கழிவு சரியா கழியாம, பூமி ஆடுன ஆட்டம் பல்சர் தலையில ஏறியிருந்துச்சு. அவரு கண்டுபிடிச்சது நம்ம பூமியவேதான்! கூட்டத்துக்கு நடுவுல எழும்பி நின்னு, கிரகம் இல்ல, என் கணக்குல பிழைன்னு சொன்னாரு. இருந்தவங்க எல்லாம் கைதட்டுனாங்க. நோபல் வாங்குனவங்கள விட எனக்கு இந்த லைன்தாம்ல ஒசத்தி.

நம்ம மெட்ராசும் இந்தக் கூத்துல இருக்கு, தெரியுமா ஒனக்கு? நுங்கம்பாக்கத்துல இன்னைக்கு மழை வருமா வராதான்னு சொல்லுத ஆபீஸ் இருக்குல்லா, அங்கனதான் கம்பெனிக்காரன் காலத்து வானாய்வகம் இருந்துச்சு. தொலைநோக்கி வச்ச கருங்கல் தூண் இன்னும் நிக்கு, அதுல தமிழ்லயும் வெட்டி வச்சிருக்கு. அங்கன தலைவரா இருந்த கேப்டன் ஜேக்கப், 1855-ல, 70 ஒஃபியூக்கிங்குத ரெட்ட நட்சத்திரத்தோட ஓட்டத்துல கோணல் தெரியுது, கண்ணுக்குத் தெரியாத ஒரு கிரகம் இழுக்கு போலன்னு லண்டனுக்கு எழுதுனாரு. 40 வருசம் கழிச்சு அமெரிக்காவுல சீன்னு ஒருத்தரு, ஆமா ஆமா, நானும் கண்டேன்னு ஒத்து ஊதுனாரு. 1899-ல மௌல்டன்னு ஒரு சின்னப் பையன், இவரு சொல்லுத மாதிரி கிரகம் அங்கன நெலச்சு நிக்கவே முடியாதுன்னு கணக்குப் போட்டுக் காட்டுனதும் சீங்குதவருக்கு வந்த கோவம் கொஞ்சமில்ல. இன்னைக்கு வரைக்கும் அந்த நட்சத்திரத்துல கிரகம் ஒண்ணும் உறுதிப்படல. வெளிக்கிரகம் தேடுத மொதக் குரல்ல ஒண்ணு நுங்கம்பாக்கத்துலருந்து போயிருக்குன்னு பெருமை பேசிக்கலாம், அது பொய்க் குரல்ங்குதத மட்டும் மெதுவாச் சொல்லிக்கோ.

பென்சில்வேனியாவுல வான் டி காம்ப்னு இன்னொரு பெரியவரு. 6 ஒளியாண்டுல இருக்குத பர்னார்டு நட்சத்திரம் ஆடுதுன்னு 1963-ல அறிவிச்சாரு. பத்து வருசம் கழிச்சுப் பாத்தா, அந்தத் தொலைநோக்கிய என்னைக்கெல்லாம் கழட்டி மாட்டுனாங்களோ அன்னைக்கெல்லாம் நட்சத்திரம் துள்ளியிருக்கு. நட்சத்திரம் சும்மாதான் இருந்துச்சு, கண்ணாடிதான் ஆடியிருக்கு. ஆனா ஆண்டவனுக்கும் நையாண்டி தெரியும்ல. 2024-ல சிலி நாட்டு மலை மேலருந்து அதே பர்னார்டுல 3 நாள்ல சுத்துத பொடி கிரகம் ஒண்ணு ஆப்புட்டுது, அடுத்த வருசம் மொத்தம் நாலுன்னு ஆச்சு. கனடாக்காரங்களும் காமா செஃபெய்ங்குத நட்சத்திரத்துல கிரகம் இருக்கலாம்னு 1988-ல சொல்லி, 92-ல பயந்து வாபஸ் வாங்கிட்டாங்க. 2003-ல அது நெசம்னு ஆயிப்போச்சு. கத்துனவனுக்குக் கெடைக்கல, கைவிட்டவன் சொன்னது பலிச்சுது. எதுல கத்தணும், எதுல வாய மூடணும்னு கேட்டா நானும் முழிப்பேன்.

இப்ப நீ சொல்லுத விசித்திரங்களுக்கு வாரேன். சப்தரிஷி மண்டலத்துப் பக்கத்துல எச்டி 80606-ன்னு ஒரு நட்சத்திரம். அதோட கிரகத்துக்கு வருசம் 111 நாளு. அதுல முக்காவாசி நாளு 13 கோடி கிலோமீட்டர் தூரத்துப் பக்கமா மெதுவா நடக்கும். பொறவு திடீர்னு பாஞ்சு வந்து 45 லட்சம் கிலோமீட்டர் கிட்டத்துல நட்சத்திரத்த ஒரசிட்டுத் திரும்பும். ஒரசுத ஆறு மணி நேரத்துல வெக்கை 500 டிகிரியிலருந்து 1200-க்கு ஏறிருது. அமெரிக்காக்காரன் விட்ட ஸ்பிட்சர் தொலைநோக்கி அத அளந்தே காட்டிருச்சு. பக்கத்துல இருக்குத இன்னொரு நட்சத்திரம் ரொம்ப காலமா இழுத்து இழுத்துத்தான் பாதை இப்படி நீண்டு போச்சாம். கெடுத்தது பக்கத்து வீட்டுக்காரன், பழி இவன் மேல. வாஸ்ப்-17-ல நட்சத்திரம் சுத்துத தெசைக்கு எதிர்த் தெசையில ஒருத்தன் போறான். கெப்ளர்-16-ல ரெண்டு சூரியன் ஒண்ண ஒண்ணு 41 நாள்ல சுத்த, ரெண்டையும் சேத்து ஒரு கிரகம் 229 நாள்ல வலம் வருது. ரெண்டு சூரியன் உள்ள ஊர்ல கிரகமே நெலச்சு நிக்காதுன்னு எத்தனயோ பேரு சந்தேகப்பட்டாங்க. 2011-ல அது ஆப்புட்டதும் சினிமாவுல வாரது மாதிரியே இருக்குன்னு குதிச்சாங்க. சினிமாக்காரன் சொன்னா நம்புவ, ஸ்ட்ரூவே சொன்னா நம்ப மாட்ட.

2020-ல ஆப்புட்ட ஒண்ணு எனக்கு ரொம்பப் பிடிச்சது. 80 ஒளியாண்டுல ஒரு வெள்ளைக் குள்ளன், அதாவது எரிஞ்சு ஓஞ்சு போன நட்சத்திரம், பூமிய விடக் கொஞ்சம்தான் பெருசு. அத 34 மணி நேரத்துக்கு ஒருக்க வியாழன் அளவு கிரகம் ஒண்ணு சுத்துது. நட்சத்திரத்த விடக் கிரகம் ஏழு மடங்கு அகலம்! நட்சத்திரம் சாகுததுக்கு முன்ன ஊதிப் பெருத்து, கிட்ட இருந்ததயெல்லாம் முழுங்கியிருக்கும். அப்பம் இந்தப் பயல் எங்கயோ தூரத்துல ஒதுங்கிக் கெடந்து, எல்லாம் அடங்குன பொறவு மெதுவா உள்ள வந்து ஒட்டிக்கிட்டான். நம்ம சூரியனும் இன்னும் 500 கோடி வருசத்துல ஊதும். அதுக்குள்ள நீ டிகிரிய முடிச்சுருவன்னு நம்புதேன்.

எல்லாம் இப்படி அடிதடிக் குடும்பம்னு நெனச்சுராத. 100 ஒளியாண்டுல எச்டி 110067-ன்னு ஒண்ணு, ரஃபேல் லூக்கேயும் கூட்டாளிகளும் 2023-ல சொன்னாங்க. ஆறு கிரகம். மொத கிரகம் மூணு சுத்து சுத்துத நேரத்துல ரெண்டாவது சரியா ரெண்டு சுத்து. அடுத்ததும் அப்படி, அதுக்கு அடுத்ததும் அப்படி. கடைசி ரெண்டு சோடி மட்டும் நாலுக்கு மூணு. உள்ள இருக்குத கிரகம் ஆறு சுத்து முடிக்கும்போது வெளிய இருக்குதது சரியா ஒண்ணு. கிரகம் பொறக்கும்போது இந்தத் தாளம் பல எடத்துல விழும், பொறவு ஏதாவது மோதல்ல கலஞ்சு போயிரும். இங்கன பல நூறு கோடி வருசமா தாளம் தப்பல. கண்டுபிடிச்சதும் அந்தத் தாளத்த வச்சுத்தான். மூணு கிரகம் தெரிஞ்சதும் மத்த மூணும் இன்ன நாளுக்குத்தான் சுத்தணும்னு கணக்குப் போட்டு, பழைய பதிவுகள்ல தேடினா, சொன்ன எடத்துல இருந்துச்சு. நல்ல கணக்குக்கு இருக்குத ருசி அதுதான். நம்ம வளவுல எட்டுப் பேரு இருந்தும் இப்படி ஒரு தாளம் கெடையாது.

டிராப்பிஸ்ட்-1 ஒனக்கே தெரியும், பெல்ஜியத்து மிக்கேல் ஜில்லோன் கூட்டம் 2017-ல ஏழு கிரகம்னு சொன்னது. நட்சத்திரம் வியாழன விடச் சித்த பெருசு, அம்புட்டுதான். ஏழும் ஏறக்குறைய பூமி அளவு. ஏழையும் அள்ளிப் புதன் பாதைக்குள்ள வச்சாலும் எடம் மிச்சமிருக்கும். அது இருக்குதது கும்ப ராசி மண்டலத்துல. இத நம்ம ஜோசியருக்கிட்டச் சொல்லிராத, கும்ப ராசிக்காரனுக்கு ஏழு கிரகம் கூடுதல்னு பரிகாரக் கட்டணத்த ஏத்திருவாரு. உள்ள இருக்குத மொதக் கிரகத்துக்கு வருசம் ஒண்ணரை நாளு. அங்கன ஏழரை நாட்டுச் சனி புடிச்சா நம்ம கணக்குல 11 நாள்ல விட்டுரும். கடக ராசிப் பக்கம் 55 கேன்க்ரின்னு ஒண்ணு, அதோட உள் கிரகத்துக்கு வருசம் 18 மணி நேரம்கூட முழுசா இல்ல. பொறந்த 44 நாள்ல அறுபதாங் கல்யாணம்! தரை உருகுத வெக்கையில பந்தல் எங்க போடன்னுதான் தெரியல.

அந்த 55 கேன்க்ரிக் கிரகம் வைரத்தால ஆனதுன்னு 2012-ல சேதி வந்தப்ப நம்ம நகைக்கடைத் தெருவே பேசிச்சு. அடுத்த வருசமே கணக்கு மாறிப்போச்சு, வைரத்துக்கு ஆதாரம் பத்தலன்னாங்க. வைரம்னு போட்ட பேப்பர்ல எத்தன பேரு அதப் போட்டான்? டிராப்பிஸ்ட்லயும் அப்படித்தான், அங்க குடியேறலாம்னு படம் வரைஞ்சாங்க. 2023-ல ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி பாத்தா, உள்ள இருக்குத ரெண்டு கிரகத்துலயும் கெட்டியான காத்து மண்டலம் ஒண்ணும் தெரியல. 2025 ஏப்ரல்ல கேம்பிரிட்ஜ்ல இருக்குத நம்ம நாட்டுக்காரரு நிக்கு மதுசூதன், கே2-18பி-ங்குத கிரகத்து காத்துல, பூமியில உயிர்கள் வெளிவிடுத ஒரு வாயு இருக்கலாம்னு சொன்னாரு. ‘இருக்கலாம்’னு அவரு சொன்னத ‘இருக்கு’ன்னு நீ எனக்கு வாட்சப்ல அனுப்புன. மத்த கூட்டத்துக்காரங்க அதே பதிவ எடுத்துப் பாத்து, அம்புட்டு உறுதியா ஒண்ணும் தெரியலயேங்காங்க. 124 ஒளியாண்டுக்கு அந்தாண்ட பிளாட் போட்டு எவனாவது விக்க வந்தா, அட்வான்ஸ் குடுத்துராத.

நம்ம நாடும் சும்மா இல்ல. அபு மலையில அகமதாபாத்துக்காரங்க வச்சிருக்குத கருவியால 2018-ல பூமிய மாதிரி 27 மடங்கு எடையுள்ள ஒரு கிரகத்த நிறுத்துப் பாத்துச் சொன்னாங்க. 2019-ல ஒவ்வொரு நாட்டுக்கும் பேரு வைக்க ஒரு நட்சத்திரம், ஒரு கிரகம்னு குடுத்தாங்க. இந்தியாவுல நட்சத்திரத்துக்கு விபான்னும் கிரகத்துக்குச் சந்தமசான்னும் வச்சாங்க. விபா சவுத்ரி காஸ்மிக் கதிர் ஆராஞ்ச அம்மா, உயிரோட இருக்கும்போது பெருசா ஒரு மரியாதையும் கெடைக்கல. செத்த பொறவு நட்சத்திரமே கெடச்சுது.

இப்ப சொல்லு, யாருல விசித்திரம்? இதுவரைக்கும் 6000-க்கு மேல வெளிக்கிரகம் உறுதிப்பட்டிருக்கு. அதுல அதிகமா ஆப்புடுதது எது தெரியுமா? பூமிய விடப் பெருசு, நெப்டியூன விடச் சிறுசு. சூரியன் மாதிரி நட்சத்திரங்கள்ல மூணுல ஒண்ணுக்குக் கொறையாம அந்த ரகம் இருக்கு, அதுவும் புதனுக்கும் உள்ளாற. நம்ம வளவுல அந்த ரகம் ஒண்ணு உண்டா? ஒத்தக் கிரகம் கெடையாது. புதனுக்கு உள்ளாற காலி மனை. ஊர்ல மூணு வீட்டுக்கு ஒரு வீட்டுல இருக்குதது நம்ம வீட்டுல இல்ல, நாம திண்ணையில உக்காந்துக்கிட்டு ஊர விசித்திரங்கோம். வெக்கையில கெடக்குத வியாழன் நூறு நட்சத்திரத்துல ஒண்ணுக்குத்தான் உண்டுன்னு ஒன் வாத்தியாரு சொல்லுவாரு, சரி. அப்பம் தூரத்துல மரியாதையா சுத்துத வியாழன்? அதுவும் பத்துல ஒண்ணுக்குத்தான்.

ஆனா நாமதான் அபூர்வம்னும் உடனே தண்டோரா போட்டுராத. கிட்ட இருக்குததும் பெருசா இருக்குததும்தான் வெரசா கண்ணுல படும். நம்ம பூமி மாதிரி ஒண்ணு, நட்சத்திரத்துக்கு முன்னால குறுக்க போயி ஒளிய மறைக்கணும்னா, வருசத்துக்கு ஒருக்க, அதுவும் 13 மணி நேரம், வெளிச்சத்துல பத்தாயிரத்துல ஒரு பங்கு கொறையும். நம்ம வளவ இன்னொருத்தன் வேற நட்சத்திரத்துலருந்து பாத்தா, வியாழன் மட்டும் ஆப்புட்டு, பூமி ஆப்புடாமலே போயிருக்கும். ஒன் ஆராய்ச்சி, ஒன் பரீட்சை, நான் பேசுத பேச்சு, எல்லாம் அவன் பதிவேட்டுல கெடையாது.

கடைசியா ஒண்ணு. 2017 ஏப்ரல்ல ஆஸ்திரேலியாவுல ஒரு டிவி நிகழ்ச்சி, கெப்ளர் தொலைநோக்கி அளந்த வெளிச்சக் கோடுகள இணையத்துல போட்டு, வீட்டுல இருக்குத சனங்களப் பாக்கச் சொன்னாங்க. படிச்சவன், படிக்காதவன்னு பத்தாயிரத்துக்கு மேல ஆளு ஒக்காந்து பாத்ததுல, மூணுக்கு ரெண்டு தாளத்துல சுத்துத அஞ்சு கிரகக் குடும்பம் ஒண்ணு ஆப்புட்டுது, கே2-138-ன்னு பேரு. டெஸ் தொலைநோக்கி அனுப்புத கோடுகளுக்கும் அதே மாதிரி ‘பிளானட் ஹன்டர்ஸ்’னு ஒரு தளம் இருக்கு. துட்டு கெடையாது, பரீட்சை கெடையாது, எட்டாங் கிளாசு போதும். நான் கண்ணாடியத் தொடச்சு வச்சிருக்கேன். நீ அந்தப் போனுல ரீல்சு தள்ளுததக் கொஞ்சம் நிறுத்திட்டு, தளத்தத் தொறந்து எனக்கும் ஒரு கணக்கு ஆரம்பிச்சுக் குடுல.